வழிநூல் காதல்கள்: ஒரு பென்னி நாவலும் நம்ம லயமும்

ஆங்கில இலக்கியம் படிக்கிற நண்பர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ் யாரென்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். டிக்கன்ஸ் தெரியும், பிராண்டி சகோதரிகள் தெரியும். ரெனால்ட்ஸா, அது சிலபஸ்ல இல்லையே மச்சான் என்பார்கள். ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தின சென்னையில் நாவல் பைத்தியம் பிடித்த ஒருவரிடம் கேட்டிருந்தால் பதில் வேறாக வந்திருக்கும். ரெனால்ட்ஸின் பெயரே தெரியாத வாசகர்கூட அவருடைய கதைகளைத் தமிழ்ப் பெயர் சூடிய பாத்திரங்கள் வழியாக வாசித்து, விடிய விடிய மண்ணெண்ணெய் தீர்த்திருப்பார்.

வேறொருவர் எழுதிவைத்த பழைய கதையை எடுத்து, தன் ஊருக்குக் கூட்டி வந்து, புதுசாக ஒரு காதல் கதை செய்தவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பதுளையில உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்க, அதுக்கும் வருவோம்.

முதலில் ரெனால்ட்ஸ். 1814இல் பிறந்தவர். இளவயதில் பாரிஸ் போய், கையில் இருந்த பணத்தைத் தொலைத்துவிட்டு லண்டன் திரும்பியவர். டிக்கன்ஸின் பிக்விக் கதை தொடராக வந்து ஊரே சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ரெனால்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? யாரிடமும் கேட்காமல் அதே பிக்விக்கைப் பிரான்சுக்கு அனுப்பி, 'பிக்விக் அப்ரோட்' என்று தானே ஒரு நாவல் எழுதிவிட்டார். இன்றைக்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறோமே, அதுவேதான். பிறகு பிரான்சில் எழேன் சூ எழுதிய 'பாரிஸ் மர்மங்கள்' 1842இலும் 1843இலும் பத்திரிகையில் ஓடி வெற்றி பெற்றதும், 1844இல் 'லண்டன் மர்மங்கள்' தொடங்கினார். வாரம் ஒரு இதழ், விலை ஒரு பென்னி. கூலி வேலை செய்பவனும் வாங்கலாம். அதே ஆள்தான் 1848இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்று, தொழிலாளிக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்துக்காகப் பேசினார். டிக்கன்ஸுக்கு இவரைக் கண்டாலே ஆகாது.

இந்தியாவில் ரெனால்ட்ஸ் சக்கைப்போடு போட்டார். வங்காளி, உருது, இந்தி, மராத்தி, தமிழ் என்று எல்லா மொழியிலும் அவரை எடுத்து எழுதினார்கள். காரணம் எங்களுக்கு ரொம்ப எளிமையாகப் படுகிறது. அவர் கதைகளில் பிரபுக்கள் அயோக்கியர்கள், கோர்ட்டும் கோட்டையும் சூழ்ச்சிக் கூடாரங்கள், ஏழைப் பெண் கடைசியில் ஜெயிப்பாள். ஆளுகிற வெள்ளைக்காரனின் மேல்வர்க்கத்தை ஒரு வெள்ளைக்காரனே இப்படித் தோலுரிப்பதைப் படிப்பதில் ஒரு குஷி இருந்திருக்காதா?

தமிழில் இவரைத் தொட்டவர்களில் எங்களை அதிரவைத்தவர் மறைமலையடிகள். ஆமாம், தனித்தமிழ் இயக்கத்தின் அதே மறைமலையடிகள். ஓலெவல் தமிழ்ப் புத்தகத்தில் தாடியோடும் காவியோடும் பார்த்துப் பழகிய முகம். 1876இல் நாகப்பட்டினத்தில் வேதாசலம் என்ற பெயரில் பிறந்து, 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1911 அவருக்கு எப்படிப்பட்ட வருஷம் என்று பாருங்கள். பல்கலைக்கழகம் தாய்மொழிப் பாடத்தைக் கட்டாயத்திலிருந்து நீக்கியதோடு கல்லூரி வேலை போயிற்று. பல்லாவரத்துக்குக் குடிபோனார். ஆகஸ்ட் மாதம் துறவு பூண்டார். அதே 1911இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்ற காதல் நாவல் வெளிவந்தது! ரெனால்ட்ஸ் 1856இல் எழுதிய 'லைலா' என்ற கதையின் தழுவல் அது. ரெனால்ட்ஸின் கதை காக்கசஸ் மலைப்பக்கம், மிங்ரேலியாவில் நடப்பது. அடிகள் அதைத் தமிழ் வாசகரின் உலகத்துக்குக் கொண்டுவந்தார். லைலா குமுதவல்லி ஆனாள். காதலன் நீலலோசனன் ஆனான்.

ஒரு சைவத் துறவி, சங்க இலக்கியத்தை வரிவரியாக அலசிய அறிஞர், லண்டன் தெருமுனையில் பென்னிக்கு விற்ற எழுத்தாளரின் காதல் கதையை எடுத்து இழைத்திருக்கிறார் என்பதைப் பலர் ஒரு சறுக்கலாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. இதற்கு முன்பே அவர் காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியிருந்தார். பிறகு 1921இல் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்று முழுக்கக் கடிதங்களாலேயே ஆன ஒரு நாவலையும் கொண்டுவந்தார். தமிழ் உரைநடையால் எதையெல்லாம் சுமக்க முடியும் என்று சோதித்துப் பார்த்த ஆள் அவர். தத்துவத்தைச் சுமக்கும் என்று தெரியும். ஓடிப்போகிற காதலர்களையும் துரத்தி வருகிற கள்வர்களையும் சுமக்குமா? சுமந்தது.

அவருக்குப் பக்கத்தில் முற்றிலும் வேறு ஜாதி எழுத்தாளர்கள் இருந்தார்கள். 'ஆனந்தபோதினி'யில் இருந்த ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழில் இறக்குவதையே வாழ்க்கையாக வைத்திருந்தார். மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்கார் தாசில்தார் வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத வந்தார். யோசிச்சுப் பாருங்க, அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு! இன்றைக்கு நம்ம வீட்டில் அப்படிச் சொன்னால் அன்னிக்கு ராத்திரி சோறு கிடைக்காது. வடுவூரார் ஆங்கிலக் கதைகளின் கருவை எடுத்து, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இறக்கி, மாமியார்கள், வக்கீல்கள், பொம்மைக்கலியாணம் மாதிரி நடந்த கலியாணங்கள் எல்லாவற்றையும் உள்ளே போட்டார். அவருடைய 'மேனகா' 1935இல் பேசும் படமானது. 'திகம்பர சாமியார்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது, எம். என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு நடித்தார். கடைசிக் காலத்தில் எகிப்தின் பாரோ மன்னர்களுக்கும் ஐயங்கார்களுக்கும் உறவுமுறை தேடி ஒரு ஆங்கிலப் புத்தகம் வேறு எழுதினார். அதை இங்கே தோண்டவேண்டாம்.

இவர்களைத் 'தழுவல்காரர்கள்' என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் நம்ம இலக்கணமே இதற்கு மரியாதையான ஒரு பெயர் வைத்திருக்கிறது: வழிநூல். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரித்து, வழிநூலுக்குள் தொகுத்தல், விரித்தல், மொழிபெயர்த்தல் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. கம்பனும் வழிநூல்காரன்தான். யாரும் அவனைப் பார்த்து 'காப்பி அடிச்சிட்டான்' என்று சொல்வதில்லை.

சரி, இலங்கைப் பக்கம் வருவோம். நம்ம நாட்டுத் தமிழ் நாவலின் தொடக்கமே சாகசமும் காதலும்தான். கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பை 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' வெளியிட்டார். எகிப்தில் பிறந்து சின்ன வயதில் கடத்தப்பட்ட ஒரு பையனின் கதை. திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி' எழுதினார், நாயக்கர் காலத்துக் காதல். இந்த இரண்டுக்கும் நடுவில், 1891இல், அதே திருகோணமலையிலிருந்து எஸ். இன்னாசித்தம்பி என்பவர் 'ஊசோன் பாலந்தை கதை' என்று ஒன்று கொண்டுவந்தார். நாங்கள் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் கதைக்காகத்தான்.

ஊசோன் என்பது ஓர்சன். பாலந்தை என்பது வாலன்டைன். 15ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சில் அச்சாகி, ஐரோப்பா முழுக்கச் சுற்றிய ஒரு பழைய வீரக்கதை. கதை இதுதான்: கொன்ஸ்தாந்திநோப்பிளின் சக்கரவர்த்தி பொய்க் குற்றச்சாட்டை நம்பி, நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியைத் துரத்திவிடுகிறான். அவள் காட்டில் இரட்டைப் பிள்ளை பெறுகிறாள். ஒன்றைக் கரடி தூக்கிப் போகிறது. அதைத் துரத்தி ஓடித் திரும்பி வந்தால் மற்றப் பிள்ளையையும் காணோம், காட்டுக்கு வந்த அரசன் எடுத்துப் போய்விட்டான். ஒருவன் கரடியிடம் வளர்ந்து பேச்சே இல்லாத காட்டு மனிதனாகிறான். இன்னொருவன் அரண்மனையில் பட்டும் வாளுமாக வளர்கிறான். பல வருஷம் கழித்து இருவரும் சந்திக்கிறார்கள். அண்ணன் தம்பி என்று தெரியாமல் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். பிறகு அரக்கன் வருகிறான், காதல் வருகிறது, அம்மா கிடைக்கிறாள்.

ஐரோப்பிய வியாபாரிகளும் கத்தோலிக்கப் பாதிரிகளும் வந்து இறங்கிய ஒரு துறைமுகப் பட்டினத்தில் இந்தக் கதை தமிழ் உரைநடையானது பொருத்தம்தான். இதை நாவல் என்று சொல்லலாமா, கூடாதா என்று ஆய்வாளர்கள் விவாதிப்பார்கள். விவாதிக்கட்டும்.

அந்தக் காலத்தில் ஊவாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? கோப்பி நோய் பிடித்துச் செத்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியிருந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். ரயில் பாதை 1890களில் பண்டாரவளை வரை வந்து, அங்கேயே மூச்சு வாங்கி நின்று, 1924இல்தான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. நம்ம முப்பாட்டன்மார் அந்த நாளில் லயத்துக் காம்பராவில். ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பம், சில நேரம் இரண்டு. விடிஞ்சா பிரட்டுக்களம். ஊசோன் பாலந்தையோ குமுதவல்லியோ வாங்கிப் படிக்கிற கூட்டம் இல்லை அது. ராத்திரியில் அவர்களுக்குப் பொன்னர் சங்கரும், மதுரைவீரனும், நல்லதங்காளும் இருந்தார்கள். மாசியில் காமன் கூத்து இருந்தது. ரதியும் மன்மதனும் கலியாணம் முடித்து, மன்மதன் எரிந்து, ரதி அழுது, அவன் திரும்பி வருகிற கதை. நம்ம ஆட்கள் வருஷா வருஷம் தோட்டத்து மண்ணில் காதல் கதை நடத்தியவர்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறோம், பிறகு தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால், அவன் கங்காணிக்குக் கொடுக்கவேண்டிய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு. மனிதனுக்கு விலைச்சீட்டு மாதிரி. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. இப்போது ஒரு கதையாக யோசியுங்கள். பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், மடுல்சீமைத் தோட்டத்துப் பெண். நடுவில் மலை ஒன்றுதான். ஆனால் துண்டு இல்லாமல் அவன் அந்த மலையைத் தாண்டிப் போய் வேலைக்கு நிற்க முடியாது. ரெனால்ட்ஸ் தலைகீழாக நின்றாலும் இதைவிட நல்ல தடை ஒன்றை யோசித்திருக்க மாட்டார். அவருக்குப் பொறாமை பிடித்த பிரபு தேவைப்பட்டான். நமக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். இதோடு பல தோட்டங்களில் லயமே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தடையை ஒழிக்க 1921 மாதிரி ஒரு வருஷம் இன்னும் வரவில்லை.

இவ்வளவும் இருக்க, மலையக நாவலில் காதல் ஏன் எப்போதும் ஓரமாகவே நிற்கிறது? கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் நந்தியின் 'மலைக்கொழுந்'தும் 1964இல் வந்தன. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' இருக்கிறது. பெரிய வேலைகள், சந்தேகமே இல்லை. இவற்றிலும் ஆணும் பெண்ணும் விரும்புகிறார்கள். ஆனால் வாசிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய் அட்டையையும் அரைப்பேர்க் கூலியையும்தான் தேடுகிறார்கள். 1960களில் இலங்கை விமர்சகர்கள் 'தேசிய இலக்கியம்', 'மண்வாசனை' என்று ஒரு கோரிக்கையை வைத்தார்கள். அப்போது அது தேவையாக இருந்தது, சென்னைப் பத்திரிகைக் கதைகளின் நிழலிலிருந்து வெளியே வரவேண்டியிருந்தது. ஆனால் மலையகத்துக்கு வந்தபோது அந்தக் கோரிக்கை கொஞ்சம் சுருங்கிவிட்டது. உன் மண்ணின் வாசனை கண்ணீர்தான், அதைக் கொண்டு வா என்று ஆகிவிட்டது. 1970களில் இந்தியப் புத்தகம், பத்திரிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, வீரகேசரிப் பிரசுரங்கள் தொடங்கியபோது வன்னிக்கு ஒரு 'நிலக்கிளி' கிடைத்தது. 1973இல் வந்த அந்த நாவலில் பாலமனோகரன் காட்டுக் கிராமத்தின் காதலைக் கூச்சமில்லாமல் எழுதினார். நமக்கு அப்படி ஒன்று?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழி இருக்கிறாள். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' நாவலை எடுத்து நமுனுகுல அடிவாரத்தில் இறக்கி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள். தாய் தகப்பன் இல்லாத ஒரு லயத்துப் பெண் டீச்சராகிறாள், பங்களாவில் பிள்ளைக்குப் பாடம் சொல்லப் போகிறாள், அங்கே பூட்டிய அறை ஒன்று. நாலு அதிகாரம் வாசித்துக் காட்டினாள், நாங்கள் ஐந்தாவதைக் கேட்டு நச்சரித்தோம். பிறகு ஒரு இலக்கியக் கூட்டத்தில் வாசித்தாள். எழுந்து பேசிய ஒரு பெரியவர் இரண்டே வாக்கியம் சொன்னார். ஒன்று, இது காப்பி. இரண்டு, நம்ம சனம் ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு வருஷக்கணக்கா போராடின மண்ணுல பங்களாக் காதல் எதுக்கு? அன்றிலிருந்து அவள் கொப்பியைத் திறக்கவில்லை.

முதல் குற்றச்சாட்டுக்கு மேலே பதில் சொல்லியாயிற்று. இரண்டாவதுக்கு ஜீன் ரீஸ் என்ற ஒரு பெண்ணின் வாழ்க்கையைத்தான் எடுத்துக்காட்டவேண்டும். 1890இல் கரிபியன் தீவான டொமினிக்காவில் பிறந்தவர். தாய்வழி முன்னோர் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர்கள். 16 வயதில் இங்கிலாந்துக்குப் போனார். வறுமை, குடி, முறிந்த கலியாணங்கள். 1939இல் ஒரு நாவல் வந்ததோடு ஆள் காணாமல் போய்விட்டார், செத்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 1966இல், 76 வயதில், 'வைட் சர்காசோ ஸீ' என்ற நாவலோடு திரும்பி வந்தார். அதுவும் 'ஜேன் அயர்' பிறந்த வீட்டுக்குள்தான் நடக்கிறது. பிராண்டியின் நாவலில் ரோச்செஸ்டர் மாளிகையின் மாடியில் ஒரு பைத்தியக்கார மனைவியைப் பூட்டி வைத்திருக்கிறார். அவள் ஜமைக்காத் தோட்டக்காரரின் மகள், 30,000 பவுண் சீதனத்தோடு வந்தவள். பிராண்டி அவளுக்கு ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. சிரிப்பும் கூச்சலும் மட்டும்தான். ரீஸ் அவளுக்கு ஒரு குழந்தைப் பருவமும், ஒரு தோட்டமும், ஒரு காதலும் கொடுத்தார்.

ஆங்கிலத்தின் புகழ்பெற்ற காதல் கதைக்கு உள்ளேயே தோட்டப் பணம் இருக்கிறது என்பதை வாசகர்கள் அதற்குப் பிறகு மறக்க முடியவில்லை. அதனால் பங்களாக் காதல் நமக்கெதுக்கு என்று கேட்டால், பங்களாவைக் கட்டின காசு யாருடையது என்று திருப்பிக் கேட்கலாம். ஆனாலும் ரீஸ் பங்களாவின் பேத்தி. அவர் திறந்த கதவு மாடி அறையின் கதவு. சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றவர்களின் கதையை அவரால் பாதிதான் எழுத முடிந்தது. நம்ம தோழி லயத்திலிருந்து ஏறி வருகிறாள். அவள் எழுதாவிட்டால் அந்த மீதிப் பாதியை வேற யாரும் எழுதப்போவதில்லை.

இப்போது ஊசோன் பாலந்தைக்குத் திரும்புகிறோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றம் அனுப்பியிருந்தோம். அடுத்த தேர்தலுக்குள் வாக்கே இல்லாமல் போனது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலைமன்னாருக்குச் சனத்தை ஏற்றிப் போன ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவருக்கு இந்திய பாஸ்போட், ஒருவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. விரும்பினவன் இங்கே, விரும்பப்பட்டவள் கப்பலில். அங்கே போனவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் டேன்டீ தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள்.

இரட்டையர் பிரிந்து, ஒருவரை ஒருவர் தெரியாமல் வளர்ந்த கதையை இன்னாசித்தம்பி எழுதியபோது அது ஒரு தூரதேசத்து அதிசயம். 1964க்குப் பிறகு நம்ம லயங்களில் அது பக்கத்துக் காம்பரா சமாச்சாரம். கரடிக்கும் அரசனுக்கும் பதிலாக இரண்டு அரசாங்கங்கள்.

இந்தக் கதையை இன்னும் யாராவது எழுதுவதென்றால் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல் வரும் என்று நினைக்கிறோம். பழைய வீரக்கதையில் சகோதரர்கள் தாங்கள் யார் என்று தெரிந்துகொள்வது ஒரு பித்தளைத் தலையிடமிருந்து. பாலந்தையின் காதலியுடைய கோட்டையில் அது இருக்கிறது. கேட்டால் உண்மை சொல்லும் மந்திரத் தலை. தாய் யார், தகப்பன் யார், நீங்கள் இரட்டையர் என்பதெல்லாம் அதுதான் சொல்கிறது. மடுல்சீமைக்காரனும் கூடலூர்க்காரனும் அப்படி எதைக் கேட்பார்கள்? நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இதை ஒரு சனிக்கிழமை முழுக்க விவாதித்தோம். தோட்டத்து ஆபீஸின் செக்ரோல், கச்சேரியில் தூசி பிடித்த பிரஜாவுரிமை ஃபைல், மண்டபம் முகாமில் எடுத்த ஒரு குடும்பப் படம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். தோழி மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, செக்ரோலில் அப்பா பெயரைக் கிளாக்கர் தப்பா எழுதியிருந்தா என்ன ஆகும் என்று கேட்டாள், பையிலிருந்து கொப்பியை எடுத்தபடி.